வால்டர் ஈவென்ட்ஸின் ஒரே பேனர்

இனிமேல் ரயில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மூடிப்போன தங்கச் சுரங்க ஊர் எங்களுடையது. அங்கே கோரமண்டல் ஸ்டேஷனில் இருட்டோடு ஏறி, பெங்களூரில் இறங்கி, இருட்டிய பிறகு திரும்பி வருகிற பிழைப்பு என்னுடையது. என் வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். ஈவென்ட் கம்பெனி வேலை. புதுக் கார், புது செல்போன், புது சோப்பு என்று எதையாவது அறிமுகம் செய்யும் விழாக்களில், கம்பெனிப் பெயர் அச்சடித்த பெரிய பேனரைச் சட்டத்தில் மாட்டி நிறுத்த வேண்டும். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். எடுத்ததை ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். அவர்கள் மூஞ்சியோடு சோப்பின் பெயரும் ஊர் சுற்றும். கம்பெனிக்கு ஓசி விளம்பரம். இது தெரியாமல் ஜனங்கள் வரிசையில் நின்று பல்லைக் காட்டுகிறார்கள்.

மாட்டி முடித்து ஒரு நிமிஷம் மூச்சு வாங்க நின்றால் போதும், எங்கள் மேனேஜர் ராகேஷ் ஓடி வருவான். எனக்குப் பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டிய வயசு.

"அங்கிள், ஸ்வல்ப தள்ளி நில்லுங்க. பேரு மறையுது."

ஒரு சோப்பை மறைக்கக்கூட இந்த மூஞ்சிக்கு அருகதை இல்லை. ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம். தலை நரைக்கிற வரைக்குமா பொறுப்பது? என் பெயரை நானே அச்சடித்து, நானே மாட்டி, அதன் முன்னால் ஊரையே நிற்க வைப்பது என்று கிளம்பிவிட்டேன். வால்டர் ஈவென்ட்ஸ்! சொல்லிப் பாருங்கள், வாய் நிறைகிறதல்லவா?

என் மனைவி இசபெல்லா கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலைய வுடப் போறேன்."

"வுட்டுட்டு?"

"சொந்தமா ஈவென்ட் கம்பெனி."

"நம்ம ஊருல இன்னா ஈவென்ட்டு? சாவும் கல்யாணமும்தான்."

"கல்யாணம் போதாதா? அடுத்த ஞாயித்துக்கெழம பழைய மைன்ஸ் குடும்பமெல்லாம் ஒண்ணு கூடறாங்க இல்ல? பெங்களூரு, மெட்ராஸ், துபாய்னு போனவங்க அத்தினி பேரும் வராங்க. வாசல்லயே என் பேனரு. எடுக்கற ஒவ்வொரு போட்டோவுலயும் என் பேரு, என் நம்பரு. சும்மா பறக்கும் பாரு!"

அவள் முட்டை அடிப்பதை நிறுத்தினாள். அவள் எதையாவது நிறுத்தினால் நான் பயப்பட வேண்டும். இத்தனை வருஷத்தில் இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை நான்.

"சரி. அன்னிக்கு ஒரே ஒரு ஆர்டர் வரட்டும், வேலைய வுடுங்க. வரலன்னா திங்கக்கெழம ரயிலு. அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"டீல்!"

"இன்னொண்ணு. பேனர்ல என் பேரையும் போடுங்க."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இசபெல்லா சுடும் கேக்கைத் தின்னாத வீடு எங்கள் சுரங்க லைன் வீடுகளில் கிடையாது. பிறந்தநாளோ ஞானஸ்நானமோ கிறிஸ்துமஸோ, அவள் கேக்தான். ஆனால் போவது வெள்ளை டப்பாவில், பெயர் கிடையாது. ஒருமுறை ஸ்டிக்கர் அடிக்கலாமா என்று கேட்டாள். "தின்னுட்டு டப்பாவ தூக்கிப் போடப் போறான். அதுக்குப் பேரு ஒரு கேடா?" என்றேன். அவள் வெள்ளை டப்பாவையே மடிக்கப் போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"உன் பேரு இன்னாத்துக்கு அதுல?"

"எங்கியாவது ஓரமா."

போனால் போகிறது என்று எனக்குப் பெரிய மனசு வந்தது. "மேல் ஓரத்துல போட்டுக்க. தலைக்கு மேல எவன் அண்ணாந்து பாக்கப் போறான்? நடுவுல மட்டும் வராத."

"மேலயே போதுங்க," என்றாள். அவ்வளவு அடக்கமாகச் சொன்னாள்.

அவளே பேனர் கடைக்குப் போய்த் தன் பெயருக்கு அளவு சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு நான் போனேன். ராபர்ட்சன்பேட்டையில் பேனர் பிரிண்ட் போடும் சம்பங்கி நான் வரைந்து கொண்டுபோன படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இன்னாண்ணா, நடுவுல ஒரே ஒரு பேரு? பெங்களூருல பொடிப்பொடியா பேனர் பூரா போடுவாங்களே. எங்க நின்னாலும் ஒண்ணாவது தெரியும்."

"அது சோப்புக்குடா. நான் இன்னா சோப்பா?"

என் கணக்கு சுத்தமான கணக்கு. பெங்களூரில் எத்தனை விழா பார்த்திருக்கிறேன்! இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், நடுவில் பெயர். இடுப்புக்கும் கழுத்துக்கும் நடுவே, கண்ணை எடுக்க முடியாத இடத்தில், நீல எழுத்தில் வால்டர் ஈவென்ட்ஸ். கீழே என் நம்பர்.

அச்சான பேனரை வீட்டில் விரித்தேன். மேல் ஓரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ரத்தச் சிவப்பில் "இசபெல்லா கேக்ஸ்", பக்கத்திலேயே அவள் நம்பர்.

"இன்னாடி இது, ஓரம்னா இம்மாம் பெரிசா?"

"ஓரத்துலதான இருக்குது? ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா? நம்ம ஆளுங்க போட்டோன்னு வந்தா..."

"நீ கேக்க பாரு. இது டெக்னிக்கல்."

கேக்கைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச் ஹால் வாசலில் பேனரை நிறுத்தினேன். சுருக்கமே இல்லை. தள்ளி நில் என்று சொல்ல ராகேஷ் இல்லை. சந்தோஷமாக அதன் முன்னாலேயே சாய்ந்து நின்றேன்.

முதலில் மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. "ரெண்டு ரெண்டு பேரா வாங்க," என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் கரகரவென்று சத்தம்.

பெஞ்சு. நீளமான சர்ச் பெஞ்சு. ஒரு முனையை இசபெல்லா பிடித்திருக்கிறாள். அவள் பின்னால் நாற்காலிகள் வருகின்றன. விழாக் கமிட்டியில் ஆட்களை உட்கார வைக்கிற பொறுப்பு அவளுடையதாம்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊர் ஆட்கள் பேனர் முன்னால் ரெண்டு ரெண்டு பேராக நிற்க மாட்டார்கள். போட்டோ என்றால் எங்களுக்கு ஒரே மாதிரிதான். முன் வரிசை நாற்காலியில் பெரியவர்கள். நடு வரிசை நிற்கும். பின் வரிசை பெஞ்சு மேல் ஏறும். மைன்ஸ் நடந்த காலத்தில் ஷிஃப்ட் ஷிஃப்டாக எடுத்த போட்டோக்கள் இப்படித்தான் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்குகின்றன. என் வீட்டிலேயும் தொங்குகிறது. தினமும் அதன் கீழேதான் நான் சட்டை மாட்டுகிறேன். ஞாபகம் வந்ததா? வரவில்லை!

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் ஓட்டி ரிட்டயரான மரியகுழந்தை ஐயா நேராக வந்து நட்ட நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, கொஞ்சம் சைடுல ஒக்காருங்களேன்."

"நான் சைடுல ஒக்கார்றதா? ஏன், எனுக்கு இன்னா கொறச்சல்?"

"பின்னாடி பேரு இருக்குதுங்கய்யா."

"யார் பேரு?"

"என் பேருதான்."

"உன் பேரு எங்களுக்குத் தெரியாதா? அந்தப்பக்கம் போப்பா!"

குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மூன்று வரிசை கட்டினார்கள். வால்டரை மரியகுழந்தை ஐயாவின் மருமகள்கள் மறைத்தார்கள். ஈவென்ட்ஸை மாரிகுப்பத்துக்காரர்கள் மறைத்தார்கள். என் நம்பரை நாற்காலிகள் மறைத்தன. ஒரே ஒரு போட்டோவில், ஒல்லியான ஒரு பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில் கடைசி "ஸ்" மட்டும் தெரிந்தது. "பேசக் கூடாதுன்னு எழுதியிருக்குதா?" என்று ஒருவர் கேட்டார்.

பெஞ்சு மேல் நின்ற தலைகளுக்கு மேலே மட்டும் இடம் காலியாக இருந்தது. ஒரு குழந்தையின் முடிகூட அதை மறைக்கவில்லை. எல்லார் தலைக்கும் கிரீடம் வைத்த மாதிரி, எல்லாப் போட்டோவிலும், ரத்தச் சிவப்பில் இசபெல்லா கேக்ஸ்.

சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. என் போனும் ஒருமுறை அடித்தது. ராகேஷ். நாளைக்குச் சீக்கிரம் வர முடியுமா என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "தெரிஞ்சே செஞ்சிருக்கிற!"

"நான் இன்னா செஞ்சேன்? பெஞ்சு போட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்ல வந்தேன். டெக்னிக்கல்னீங்க." அவள் குரல் ஏறவே இல்லை. "பெங்களூருகாரங்க எப்பிடி நிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுது. நம்ம ஊருகாரங்க எப்பிடி நிப்பாங்கன்னு தெரியல. கூடவே இருக்கறவ மனசுல இன்னா இருக்குதுன்னும் தெரியல. என் பேரு ஒரு கேடான்னு கேட்டீங்க. நெனப்பிருக்குதா?"

வலித்தது. அத்தனையும் நிஜம். அதுதான் இன்னும் வலித்தது. கடைசியாக ஒரு வழி தெரிந்தது.

"சரி, ஆர்டர்தான் வந்துடுச்சே. உனுக்கு வந்தா இன்னா, எனுக்கு வந்தா இன்னா? வேலைய வுட்டுட்டு உனுக்கு ஒத்தாசையா இருக்கிறேனே."

"ஐயோ, வேலைய வுட்றாதீங்க! ஆர்டர் எல்லாம் பெங்களூருலேர்ந்துதான் வந்துகிது. தெனமும் ரயில்ல போற ஆளு வேற யாரு இருக்கிறா எனுக்கு?"

திங்கட்கிழமை காலை அவளே ஸ்டேஷனுக்கு வந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வராதவள். ஜன்னல் வழியாக இரண்டு கேக் டப்பாக்களை என் மடியில் வைத்தாள். மேலே பளபளவென்று ஸ்டிக்கர், அதே ரத்தச் சிவப்பு.

"இத்த எப்ப அடிச்ச?"

"பேனருக்கு அளவு சொல்லப் போனேன் இல்ல, அன்னிக்கே."

ரயில் அசைந்தது. டப்பா சரியாமல் இருக்க இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டேன். இசபெல்லா ஜன்னலோடு கூடவே நடந்து வந்தாள். போகாதீங்க என்று சொல்லப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"ஏங்க, கைய எடுங்க. பேரு மறையுது."