மூத்த மருமகனும் முன் பிரேக்கும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மருமகன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் வலது மணிக்கட்டையும் தங்கள் ஸ்கூட்டரின் முன் பிரேக்கையும் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். தாங்களும் அத்தையும் மச்சான் வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இதுவோ நம் இருவருக்குள் இருக்கவேண்டிய விஷயம்.

ஊருக்குக் கிளம்பும்போது ஸ்கூட்டர் சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள் மாமா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவன் நான். சாவி போனது சின்னவர் கைக்கு, அதாவது தங்கள் இளைய மகளைக் கட்டிய என் சகலைக்கு! நான் இந்த வீட்டு மருமகனாக வந்தபோது அவர் மூக்கு ஒழுகிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பார். மூப்பு என்று ஒன்று இல்லையா? நான் என்ன கிள்ளுக்கீரையா? இதைக் கேட்டால் பொறாமை என்கிறாள் தங்கள் மூத்த மகள். பொறாமையெல்லாம் ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றெரிச்சல்தான்.

மறுநாளே அவர் வந்து சாவியை என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க ஓட்டுங்க. எனக்கு ஆபீஸ் பக்கந்தானே, நடந்தே போயிடுவேன்" என்றார். தந்திரத்தைப் பார்த்தீர்களா? சாவி கிடைத்த பெருமையும் அவருக்கு, அதை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையும் அவருக்கு. எனக்குப் பெட்ரோல் போடுகிற வேலை.

சரி, நான் ஓட்டுகிற அழகையாவது பார்க்கட்டும் என்று மத்தியானம் அவர் ஆபீஸ் தெருவில் ஒரு சுற்று வந்தேன். வாசலில் டீயும் கையுமாக நின்றவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றில் ஹாரன் அடித்தேன், மனிதர் தலை நிமிரவில்லை. அதற்கடுத்த சுற்றில் இடது கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டியபடி, அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். எதிரே தண்ணீர் கேன் வண்டி நின்றதை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. கண்முன்னால் நீல நீலமாகக் கேன் தெரிந்ததும் முன் பிரேக்கை இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பிடித்தேன். மாமா, தங்கள் பிரேக் உத்தமமான பிரேக். வண்டி அங்கேயே நின்றுவிட்டது. நான்தான் நிற்கவில்லை. அத்தனை சுற்று வந்தும் பார்க்காதவர் விழுந்ததை மட்டும் சரியாகப் பார்த்துவிட்டார். டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, "அண்ணே, எங்க அடி?" என்று என்னைத் தூக்கியவரும் அவரே.

பிரேக் லிவர் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. கேபிளின் உறையும் பிய்ந்துவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "சார், ரெண்டையும் மாத்திடலாம். வளைஞ்ச லிவரை நிமித்தினா வெளிய தெரியாம விரிசல் விட்டுடும். என்னிக்காவது அவசரமா பிடிக்கும்போது கையோட வந்துடும்" என்றார். உடனே நம் சின்னவர், "மாத்திடுங்க. மாமா அத்தைய பின்னாடி உக்கார வச்சு ஓட்டுற வண்டி" என்றாரே பார்க்கலாம். முந்திரிக்கொட்டை! ஆமா, அதே வார்த்தைதான், அப்படியே போடுங்க. அட, இதை ஏன் எழுதுறீங்க?

சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, அதைச் சொல்லத்தான் நானும் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்ட பிறகு நானும் அதையே சொன்னால் என் மரியாதை என்னாவது? அதனால், "வேணாம், நிமித்தினா போதும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. புது லிவர் போட்டால் என்ன ஆகும்? தாங்கள் வந்து பிடித்துப் பார்த்து, "அட, யார் போட்டது?" என்பீர்கள். வீடே ஒரே குரலில் "சின்னவர்!" என்று சொல்லும். வளைந்தது என் பெயரில், மாற்றியது அவர் பெயரில். இது எந்த ஊர் நியாயம்?

"அதுக்காக அம்மா விழுந்தா பரவாயில்லையா?" என்று தங்கள் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே மாமா, மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் அதைத் தாங்களே எழுதவேண்டும். "மூத்த மாப்பிள்ளை, பிரேக்கை மாற்றுவது என்ற உங்கள் முடிவே முடிவு" என்று ஒரே ஒரு வரி. கடித உறையின்மேல் என் பெயர் இருக்கவேண்டும். இத்தனை வருஷத்தில் தாங்கள் என் பெயரை ஒரு உறையின்மேல் எழுதி நான் பார்த்ததில்லை.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசியை, பாதியைச் சின்னவருக்குப் பிரித்துக் கொடுக்காமல், முழுசாக எதிர்பார்க்கும்

மூத்த மருமகன்

பின்குறிப்பு: மாமா, வணக்கம். கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பீர்கள். அண்ணன் கையில் மாவுக்கட்டு. "உங்க பொறாமைக்கு நான் பேனா பிடிக்க மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். அதனால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், ஒரு வார்த்தையையும் விடவில்லை. அவர் மாத்திரை போட உள்ளே போயிருக்கும் நேரத்தில் இதைச் சேர்க்கிறேன். லிவரும் கேபிளும் நேற்றே மாற்றியாயிற்று. "பெரியவர் சொல்லித்தான் போட்டேன்" என்று சொல்லும்படி மெக்கானிக்கிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்களும் அவர் பெயருக்கே எழுதுங்கள்.
இளைய மருமகன்

பின்குறிப்புக்கு ஒரு பின்குறிப்பு: இது இடது கை மாமா, கோழி கிண்டினமாதிரிதான் இருக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் படிச்சுட்டேன். இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்யறது? அத்தனை திட்டையும் தன் கையாலேயே எழுதிக்கிட்டு, செய்யவேண்டியதையும் செஞ்சுட்டு, நல்ல பேரை எனக்குக் கொடுக்கிறாராம். அப்படிக் கொடுத்த நல்ல பேரும் இப்ப அவருக்கே போயிடுச்சே! ஒரு மனுஷனை நிம்மதியாப் பொறாமைப்படக்கூட விடமாட்டாரா? சாவியை அவர்கிட்டயே கொடுத்துட்டேன். கடிதம் மட்டும் என் பெயருக்கே வரட்டும்.