சாம்பல் நிற வேனுக்கு ஒரு பாராட்டு

வேனின் பக்கக் கதவு அன்று காலை திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தள்ளிப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டிக் கொடுத்தும் பார்த்தார். கடைசியில் இரண்டு மகள்களும் டிரைவர் சீட்டில் ஏறி, கியரைத் தாண்டி, பின்சீட்டில் தலைகுப்புறப் போய் விழுந்தார்கள்.

"இதைத் தலைமுழுகுங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?" என்றாள் மனைவி.

"இருபது வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது ரிப்பேர்னு ரோட்டுல நின்னிருக்கா?"

"அது நிக்கல. நாமதான் இறங்க வழியில்லாம உள்ளேயே உக்காந்திருக்கோம்."

பெரியவள் பிறந்த வருஷம், வெளிநாடு கிளம்பிய யாரிடமோ அவசரமாகக் கைமாறி வாங்கிய வேன் அது. கடைக்காரருக்கு அதுவும் ஒரு மகள் மாதிரி. ஆனால் மனைவியின் தம்பிக்கு அதைக் கண்டாலே சிரிப்பு. மூன்று வருஷத்துக்கு ஒரு கார் மாற்றுகிற பேர்வழி அவன்.

"மாமா, இது வண்டி இல்ல, வியாதி. ஞாயித்துக்கிழமை பழைய வண்டி வாங்குறவரைக் கூட்டிட்டு வரேன். பேசாம தள்ளிவிடுங்க."

மனைவி உடனே தலையாட்டிவிட்டாள். கடைக்காரருக்கு ஆறு நாள்தான் கெடு. கதவைச் சரிபண்ணிவிட்டால் மனைவியின் மனசும் மாறிவிடும் என்று கணக்குப் போட்டார்.

அன்று சாயங்காலமே தையல் மெஷின் எண்ணெய் ஒரு புட்டி முழுவதையும் கதவுத் தண்டவாளத்தில் ஊற்றினார். கதவு திறந்துகொண்டது. ஆனால் அதற்குப் பிறகு மூடிய இடத்தில் நிற்க மறுத்தது. மறுநாள் முதல் வளைவிலேயே சரேலென்று திறந்து, சின்னவளின் புத்தகப் பையை நடுரோட்டில் இறக்கிவிட்டது.

அன்றைக்கே ஒரு கயிற்றால் கதவின் கைப்பிடியை முன்சீட்டின் முதுகோடு சேர்த்துக் கட்டினார். அடுத்த வளைவில் கதவு நகர்ந்தது. கயிறு இழுத்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவி அப்படியே மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி பயணம் செய்தாள்.

"என்னங்க."

"ம்?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க."

மெக்கானிக் கதவுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உருளை தேஞ்சு போச்சு சார். இந்த வண்டிக்குச் சாமான் எங்கயும் கிடைக்காது. கம்பெனியையே கேட்டுப் பாருங்க."

கம்பெனிக்கு போன் போட்டார். எடுத்த பெண் வண்டி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பிறகு போனை அப்படியே போட்டுவிட்டு எங்கோ ஓடினாள். இரண்டு நிமிஷம் கழித்து ஓர் ஆண் குரல் மூச்சிரைக்க வந்தது.

"சார், நான் மேனேஜர் பேசறேன். அந்த வண்டி இன்னும் ஓடுதா?"

"ஓடுதாவா? பறக்குது!"

"குடும்பத்தோடயா போறீங்க?"

"நாலு பேரும்தான். மலைக்கெல்லாம் போயிட்டு வந்திருக்கோம்."

எதிர்முனையில் யாரோ நாற்காலியில் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. "சார், சனிக்கிழமை நானே நேர்ல வரேன். யாருக்கும் வித்துடாதீங்க. அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க. ப்ளீஸ்."

கடைக்காரர் போனை வைத்துவிட்டு கடை நடுவே நின்று சத்தமாகச் சிரித்தார். கண் பரிசோதனைக்கு வந்திருந்தவர் எழுத்துப் பலகையை மறந்து அவரையே பார்த்தார். இருபது வருஷம் ஓடிய வண்டியைப் பார்க்க மேனேஜரே வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? பாராட்டு! பரிசு! பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. மைத்துனன் முகம் சுருங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை பீய்ச்சியடிக்கும் குழாயோடு கிளம்பினார்.

"தொடாதீங்கன்னாரேப்பா," என்றாள் பெரியவள்.

"ஓட்டாதீங்கன்னு அர்த்தம். குளிப்பாட்டக் கூடாதுன்னா சொன்னாரு?"

அழுக்கு போனது. கூடவே பெயின்டும் போனது. ஓடிப்போய்ச் சாம்பல் நிறம் ஒரு டப்பா வாங்கிவந்து பூசினார். காய்ந்த பிறகு அது நீலமாகத் தெரிந்தது. அங்கங்கே பிளாஸ்திரி போட்ட யானை மாதிரி நின்றது வேன்.

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் காத்திருந்தார். தெருவில் பாதிப்பேர் கூடியிருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிடலாம் என்று இழுத்தார். கதவு கையோடு வந்துவிட்டது. அதைக் கட்டிப்பிடித்தபடி அவர் தள்ளாடிய அதே நேரம் மேனேஜரின் கார் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு பெரிய இழுவை லாரி.

கதவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் அதைக் கவனிக்கவே இல்லை. ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நல்லா இருக்கீங்களா சார்? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"உங்க வண்டி இருக்கும்போது எங்களுக்கு என்ன சார் குறை?"

மேனேஜர் அவசரமாகச் சட்டைப்பைக்குள் கைவிட்டார். ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "புது வேன் சார். மத்தியானம் வீட்டுக்கு வந்துடும். எங்களால முடிஞ்சது."

கூட்டம் கைதட்டியது. நாலு நாளாகப் பேசாமலிருந்த மனைவி, "ஏங்க, நெஜமாவா?" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பராமரிப்பு என்பது ஒரு பண்பு என்று சின்னதாக ஒரு சொற்பொழிவே ஆற்றினார். மேனேஜர் ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டார். பெருமையில் படிக்காமலேயே போட்டுக் கொடுத்தார்.

வேனைச் சங்கிலியில் பூட்டிக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம் மைத்துனன் வயிற்றெரிச்சலோடு போய் நின்றான். "ஏண்ணே, இதை நேரா மியூசியத்துக்கா கொண்டு போறீங்க?"

டிரைவர் சங்கிலியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "மியூசியமா? நல்லா கேட்டீங்க தம்பி! இந்த மாடல் ஓட்டினா உசுருக்கு ஆபத்துன்னு பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் திருப்பி வாங்கி உடைச்சுட்டாங்க, இது ஒண்ணு மட்டும் எங்க போச்சுன்னு தெரியாம அன்னியிலேருந்து அந்த மேனேஜர் சரியா தூங்கினதே இல்ல!"