எருமை போன நாடுகள்

உலகத்தில் முன்னேறிய நாடுகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் மாட்டுக்கு நோய் வருத்தம் வந்தால் உடையவருக்கு ஒரு சதமும் செலவு வைக்காத புண்ணிய பூமி இலங்கை ஒன்றுதான். இந்த மகத்தான உண்மையை ஸ்கந்தபுரத்துக் குடியேற்றவாசிகளுக்கு எடுத்துரைக்கவே, கால்நடை அதிகாரி தவராசா அவர்கள் 1961ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜீப்பில் எழுந்தருளினார். மேல்நாடுகளில் நெடுங்காலம் "ஆராய்ச்சி" செய்து திரும்பியவர்.

அன்னபாக்கியத்துக்கு ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. மாட்டு டாக்குத்தர் வருகிறார் என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள். அவளுடைய ஒரே எருமை விடியற்காலை தொடக்கம் கன்று ஈன முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் மாலை மரியாதை முடியும்வரை பொறுத்தாள். வரவேற்புரை முடியும்வரையும் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"ஐயா, என்ர எருமை கண்டு போடமாட்டாமல் கிடக்குது. ஒரு கால் மட்டும் வெளியிலை நிக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"அருமையான உதாரணம்! இந்த அம்மாவின் எருமையையே எடுத்துக்கொள்வோம்."

எருமையைப் பொறுப்பெடுக்கப் போகிறார் என்று நினைத்து அன்னபாக்கியம் கும்பிட்டாள். அவரோ அதை டென்மார்க்குக்குக் கொண்டுபோனார்.

"இதே எருமை டென்மார்க்கில் நின்றிருந்தால், உங்கள் அரை வயல் விளைச்சல் டாக்டருக்கே சரி. இங்கிலாந்தில் அவர் வாசல் படலையைத் திறந்தாலே கட்டணம். வாயைத் திறந்தால் தனிக் கட்டணம். இங்கே?"

"ஐயா, அது செத்துப்போடும்!"

"இங்கே இலவசம்!"

சபை கைதட்டியது. எருமை ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது அன்னபாக்கியம் வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்துக் காணிச் சிவனேஸ்வரியைக் கூப்பிட்டு, "நீ தலையை இறுக்கிப் பிடியடி" என்றாள். முழங்கைவரை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டாள். இதற்குமுன் ஒருநாளும் செய்யாத வேலை. கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த மற்றக் காலைத் தேடினாள்.

"அம்மாளாச்சி, கைவிட்டிடாதையணை!"

எருமை கதறியது. அவளும் கதறினாள். கன்று வழுக்கி வைக்கோலில் விழுந்து, தும்மியது. அன்னபாக்கியம் அதற்குப் பக்கத்திலேயே இருந்து அழுதாள்.

கூட்டம் முடிந்து ஜீப் வந்து வேலியோரம் நின்றது. சேறு என்றபடியால் அதிகாரி இறங்கவில்லை.

"தாயும் பிள்ளையும் சுகமா? செலவு ஏதும்?"

"ஒண்டுமில்லை ஐயா."

"பார்த்தீர்களா! டென்மார்க் தோற்றது, இங்கிலாந்து தோற்றது! இதை என் அறிக்கையில் எழுதப்போகிறேன்."

அன்னபாக்கியம் இரத்தக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"எழுதுங்கோ ஐயா. எழுதேக்கை உங்கட சம்பளத்தையும் கூட்டி எழுதுங்கோ. உலகத்திலையே விலை கூடின வைத்தியம் என்ர எருமைக்குத்தான் நடந்தது."