அணில் குட்டியின் தம்பி திரும்பி வருவானா?

மதிப்பிற்குரிய சிறுவர் இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இப்போதுதான் பிள்ளைகள் இரண்டும் தூங்குகின்றன. தாங்களும் குடும்பத்தாரும் நலமாகவும் எண்ணிக்கை குறையாமலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் அணில் குட்டித் தொடரைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டாவது வயிற்றில் இருந்தபோது, ஐந்து வயது மகளைத் தயார்படுத்த அதை வாசித்துக் காட்டத் தொடங்கினேன். கதை சொன்னால் பொறாமை வராது என்று கல்லூரியில் குழந்தை உளவியல் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். மகளோ அணில் செய்ததையெல்லாம் செய்தாள். அணில் தம்பிக்குப் போர்வை கொடுத்தது, இவளும் கொடுத்தாள், நான் உருகிப்போய் ஊருக்கெல்லாம் போன் போட்டேன். அடுத்த மாதம் அணில் தம்பியோடு பேச்சை நிறுத்தியது, இவளும் நிறுத்தினாள். இந்த மாதம் அணில் தம்பியைக் கூடையில் வைத்துப் பக்கத்து மரத்து மைனாவிடம் கொடுத்துவிட்டு மைனாக் குஞ்சை வாங்கி வந்தது. அங்கே போய் 'தொடரும்' போட்டுவிட்டீர்களே!

இன்று மாலை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டில் காலி. உயிரே போய்விட்டது. கட்டிலடி, குளியலறை எல்லாம் தேடிவிட்டு வாசலுக்கு ஓடினால், மாடிப்படியில் துணிக்கூடை, அதற்குள் பத்து வாரக் குழந்தை, பக்கத்தில் மூச்சிரைக்க என் மகள். மேல் படியில் மாடிவீட்டுத் தையல்கார அக்கா.

"என்னடி தூக்கிட்டு வர்றே?"

"தம்பி. வெச்சுக்கிட்டுப் பூனையக் குடுங்க."

"பூனை குட்டி போடப் போகுதுடி, இப்ப எப்படித் தர்றது?"

"அப்போ மூணு டயப்பரும் சேத்து வெச்சுக்கோங்க."

ஏழு படி ஏறியிருந்தாள். ஒரு படி சறுக்கியிருந்தால்? இவள் அப்பா, "சின்னப் புள்ள விளையாட்டு, விடு" என்கிறார். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னேன். "அடுத்த புக்கு வரட்டும்மா, அணிலு என்ன பண்ணுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றுவிட்டாள். அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதுவரை கண் மூடாமல் தொட்டிலைக் காவல் காக்க என்னால் ஆகாது. அணில் ஓடிப்போய்த் தம்பியை மீட்டுவந்தது என்று தங்கள் கைப்பட ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

தங்கள் பேனாவுக்கு நல்ல புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
இன்றைய நிலவரப்படி இரண்டு குழந்தைகளின் தாய்

பி.கு.: உறையை ஒட்டும்போது சின்னவன் சிணுங்கினான். நான் எழுவதற்குள் மகள் விழித்துத் தொட்டிலருகே போய்விட்டாள். "அழாதடா. அணிலு தம்பியத் திரும்ப வாங்கிட்டு வந்துடுச்சு. பதிலுக்கு அம்மாவக் குடுத்துடுச்சு." அவன் சிரிக்கிறான். ஆகவே மேலே கேட்ட வரி வேண்டாம். அம்மா அணிலுக்கு ஒரு வழி சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.