இரண்டு சாட்சிகள்

சால்டோ, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தெல்ஃபினா அக்காவுக்கு,

ஆற்றின் இக்கரையில் நாங்கள் சுகம். அக்கரையில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. அதற்காக, அப்பாவின் கடிகாரத்தை நீ எடுத்துக்கொண்டு போனதை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். உருகுவாயில் எனக்கு நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கிடைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நம் அர்ஜென்டினாவும் இவர்களும் பந்தாடும் நாளில் என் மகள் சிமேனா, "அப்பா, நீ எதிரணி, அந்த மர நாற்காலிக்குப் போ" என்று சோபாவிலிருந்து என்னை விரட்டிவிடுகிறாள். சொந்த வீட்டில் எத்தனை நாள் அகதியாக இருப்பது? குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன்.

அங்கேதான் வந்தது வினை. என்னை நன்றாகத் தெரிந்த உள்ளூர்க்காரர் இருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம், உறவினர் கூடாதாம். "நீங்க சண்டை போடாத ரெண்டு பேரைச் சொல்லுங்க, நான் போய்க் கேக்கறேன்" என்றாள் மிர்த்தா. பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது? இரவு உணவு முடியும்வரை யோசித்தேன். ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் அவளே போய், சண்டை போட்டவர்களிலேயே இருவரை அழைத்து வந்துவிட்டாள்: ரொட்டிக்கடை நிபியா, பக்கத்து வீட்டு எதில்பெர்த்தோ. இந்த எதில்பெர்த்தோ ஞாயிறுதோறும் விறகை மூட்டி இறைச்சி சுட்டு, என் வெள்ளைச் சட்டைகளையும் சேர்த்துப் புகை போடுகிறவன்.

குடியுரிமை அலுவலகத்தில் அதிகாரி கேட்டார்: "இவர் தொடர்ந்து இந்த ஊர்லதான் இருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அடுப்பு மூட்டினா போதும் சார், இந்த வாத்தியார் தலை சுவருக்கு மேல வந்துரும்" என்றான் எதில்பெர்த்தோ. "'கரி போட்டுச் சுடுய்யா காட்டுமிராண்டி'ம்பாரு. மழை பெஞ்ச ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு."

"நடத்தை?"

"வாய் மட்டும்தான் சார் மோசம். நான் ஊருக்குப் போனா என் நாய்க்கு சோறு வைக்கிறது இவர்தான். திரும்பி வந்ததும், நாய் வளர்க்கத் தெரியலன்னு திட்டறதும் இவர்தான்."

நிபியா விடவில்லை. "தெனமும் என் ரொட்டியைக் குறை சொல்லிக்கிட்டே வாங்கறாரு. தெருவுல இன்னும் ரெண்டு கடை இருக்கு, எட்டிப் பார்த்ததில்ல. எழுதிக்குங்க சார், இவரு எங்க ஊரு ஆளுதான்."

அக்கா, என் கண் கலங்கியது. சன்னல் வழியாக வந்த தூசிதான் காரணம். முடிந்தது, இனி நான் உருகுவாய்க்காரன், எவர் மீதும் பகையில்லை. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உன்னையும் மன்னித்தேன், கடிகாரத்தை நீயே வைத்துக்கொள்.

உன் தம்பி,
ஒராசியோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்த அலுவலகத்திலிருந்து அழைப்பு. எதில்பெர்த்தோவின் சாட்சி செல்லாதாம்! போன தேர்தலில் அவன் ஓட்டுப் போடவில்லை. இங்கே அது குற்றம். குடிமகனாகப் பிறந்தவனுக்கு இந்தப் பொறுப்புகூடவா இல்லை என்று கத்திக்கொண்டே சுவரேறப் போனேன். மிர்த்தா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அன்னைக்குத்தானே உங்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன்? பொழுதுக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தது யாருன்னு நெனச்சீங்க?"

இனி அவன்மேல் நான் எப்படிக் கோபப்படுவேன், அக்கா? இத்தனை வருடத்தில் அவன் எனக்குச் செய்த அநியாயங்களிலேயே பெரியது இதுதான்.