இரண்டாம் தொகுதி: வயிறும் இடுப்பும்

"முதல் தொகுதி இருக்குது. ரெண்டாவது எங்கம்மா?"

துறைத் தலைவர் தீனதயாளன் இப்படிக் கேட்டபோது சௌமியாவுக்கு அழுகையும் கொட்டாவியும் ஒன்றாக வந்தன. மூன்று வருடம் அந்த மருத்துவக் கல்லூரியின் ஸ்கேன் பிரிவில் மேற்படிப்புப் படித்து, பரீட்சையும் பாஸாகிவிட்டாள். ஊருக்குப் போக வேண்டுமானால், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் 'நோ டியூ' தாளில் பதினொரு கையெழுத்து வேண்டும். பத்து வாங்கியாயிற்று. கேன்டீன்காரர்கூட மறுபேச்சில்லாமல் போட்டார். பதினொன்றாவது ஆள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை ஆத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். பக்கத்தில் கெங்கவல்லியில்தான் மாமியாரிடம் மகள் நிலா வளர்கிறாள். மூன்று வருடமாக சௌமியா வெறும் ஞாயிற்றுக்கிழமை அம்மா. போன வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குழந்தை, "நீ எப்ப ஊருக்குப் போவ?" என்று கேட்டது.

காணாமல் போனதும் லேசுப்பட்ட புத்தகமில்லை. உடம்பைக் குறுக்குக் குறுக்காக வெட்டிக் காட்டும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் நிறைந்த தடிப் புத்தகம். முதல் தொகுதி தலையிலிருந்து நெஞ்சு வரை. இரண்டாவது வயிறும் இடுப்பும். துறை நூலகப் பொறுப்பை சௌமியா சேர்ந்த அன்றைக்கே அவள் தலையில் கட்டிவிட்டார்கள். எல்லோரும் போனில் படிக்கிற காலத்தில் அலமாரியை யார் திறந்தார்கள்?

"எல்லா இடமும் பாத்துட்டேன் சார்."

"இன்னும் பாரும்மா. புத்தகம்னா சரஸ்வதி. விளையாட்டா?"

சொல்லிவிட்டு நாற்காலியில் நெளிந்தார். உயரம் ஏற்றும் கம்பி எப்போதோ போய்விட்ட பழைய சுழல் நாற்காலி அது. பச்சைத் துணி சுற்றிய மெத்தையைப் போட்டு உட்கார்ந்தால்தான் குள்ளமான அந்த மனிதருக்கு மானிட்டர் எட்டும். முதுகுவலி வேறு. தன் முதுகுக்குத் தானே எம்.ஆர்.ஐ. எடுத்து, தானே ரிப்போர்ட்டும் எழுதிக்கொண்டார்: நார்மல்.

புத்தக விஷயத்தில் அவர் பொல்லாதவர். ஒருமுறை புத்தகத்தின் மேல் டீ தம்ளரை வைத்ததற்காக ஜூனியர் மதனை அந்தப் புத்தகத்திடமே மன்னிப்புக் கேட்க வைத்தார். அவனும் கேட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, புதுப் பதிப்பையே வாங்கிக்கொண்டு போய் நீட்டினாள்.

"அப்ப தொலைச்சத ஒத்துக்கிற?" என்றார் தீனதயாளன்.

"இல்லைங்க சார், அதுக்குப் பதிலா..."

"அதுல இருவது வருசமா பென்சில்ல குறிப்பு எழுதியிருக்கேன். இதுல இருக்குதா அது?"

அந்தக் குறிப்பை அவர் கடைசியாகப் படித்தது எப்போது என்று அவரிடம் யார் கேட்பது?

வெளியே வந்தவளிடம் மதன் காதைக் கடித்தான். "அன்பரசு அண்ணன் படிப்பு முடிச்சுப் போறப்ப எடுத்துட்டுப் போயிருப்பாருக்கா."

சீனியர் அன்பரசு இப்போது திருச்செங்கோட்டில் சொந்தமாக ஸ்கேன் சென்டர் நடத்துகிறார். சௌமியா போன் போட்டு, எவ்வளவோ பதவிசாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, தெரியாத்தனமா உங்க பொட்டில ஏதாச்சும் புத்தகம் வந்திருக்குதான்னு..."

"பாக்கறேன்ம்மா," என்று வைத்தவர், அடுத்த நிமிடமே தீனதயாளனைக் கூப்பிட்டார். 'உங்க புள்ள என்னையத் திருடன்ங்குது சார்' என்று சொல்லியிருக்கிறார்.

தீனதயாளன் குதித்தார். "தொலைச்சதும் இல்லாம ஊரார் மேல பழி வேறயா? திங்கக்கிழமை டீன் முன்னாடி நின்னு விளக்கம் எழுதிக் குடு. அப்புறம் போலாம்."

திங்கட்கிழமை டீன் முன்னால் நின்றால் ஆத்தூர் வேலை இன்னொருவருக்கு. மாடிப்படியில் உட்கார்ந்து சௌமியா ஒரு பாட்டம் அழுதாள்.

மதனுக்குத்தான் மறுபடி யோசனை வந்தது. "சாருக்கு முதுகுவலிதானேக்கா? போறப்ப ஞாபகார்த்தமா ஒரு நல்ல சேர் வாங்கிக் குடுங்க. மனுசன் உருகிருவாரு."

வேறு வழி? சனிக்கிழமை காலை அஸ்தம்பட்டியில் வாங்கிய நாற்காலி ஆட்டோவில் வந்து இறங்கியது. தீனதயாளன் உட்கார்ந்தார். கைப்பிடிக்குக் கீழே இருந்த விசையை இழுத்து மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் பல் தெரிந்தது.

"எனக்குன்னு இப்படி யாரும்மா பாத்துச் செய்யறாங்க? போனது போச்சு, தாளக் குடு."

பேனா தாளில் இறங்கியது. 'தீன' வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் அட்டெண்டர் அங்கமுத்து பழைய நாற்காலியை வெளியே தள்ளிக்கொண்டு போனார். சக்கரம் வாசற்படியில் இடித்தது. பச்சைத் துணி மெத்தை சரிந்து, தொப்பென்று கீழே விழுந்து பிரிந்தது.

மேலே மெல்லிய பஞ்சு. அடியில் கறுப்பு அட்டை, துறை முத்திரை, இரண்டாம் தொகுதி.

"சார்! கிடைச்சிருச்சு சார்!" சௌமியா கூவியே விட்டாள். சாயங்காலமே பஸ் ஏறிவிடலாம், நாளைக்கு நிலாவுக்குத் தலை பின்னிவிடலாம் என்று மனசு ஓடியது.

தீனதயாளனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தார். அட்டை நடுவில் நன்றாகக் குழிந்திருந்தது. இரண்டு கண்ணிலும் மாறி மாறி ஒற்றிக்கொண்டார்.

"ஐயோ, இத்தன நாளா சரஸ்வதி மேலயா உக்காந்திருந்தேன்! இத வச்சது யாரா இருந்தாலும் சரி, இந்த டிபார்ட்மென்ட்ட விட்டு ஒரு அடி நகர விடமாட்டேன்."

"விடவே கூடாதுங்க சார்!" மூன்று நாள் பட்ட அவமானமெல்லாம் சௌமியாவின் குரலில் ஏறியிருந்தது. "யாருன்னு இப்பவே கேளுங்க!"

"அங்கமுத்து, யாருய்யா வச்சது?"

இந்த மூன்று நாளில் அங்கமுத்துவிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கேட்டதே பெருமையாக அவர் நிமிர்ந்து நின்றார்.

"நம்ம சௌமியா டாக்டரம்மாதானுங்க சார். சேந்த மொத வாரமே, 'சாருக்கு மானிட்டரு எட்டலீங்கண்ணா, பாக்கவே பாவமா இருக்குது, மேசை மேல கெடக்கறதுல எது தடியா இருக்குதோ அதத் தூக்கி வைங்க'ன்னு சொன்னாங்களே!"