டாலருக்கு மூட்டுவலி

"வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க அண்ணாச்சி. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இடமே இல்ல."

பாத்திரக்கடை உக்கிரபாண்டி நீட்டிய எக்ஸ்ரே படத்தைத் தனுஷ்கோடி வாங்கி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அருப்புக்கோட்டையில் இருபத்தேழு வருஷமாக மோட்டாரும் பைப்பும் விற்கிறவருக்கு அதில் என்ன தெரியும்? இரண்டு பைப்பை ஒரு எல்போ போட்டு இணைத்த மாதிரி இருந்தது.

"ரெண்டு மூட்டும் தேஞ்சு போச்சு. பஸ்ஸுல கூட ஏற முடியல. நான் எப்படி மொத ஆளா இருக்கிறது? என்னைய எறக்கி விட்டுருங்க."

"எதுலருந்து?"

உக்கிரபாண்டி தனுஷ்கோடியின் தலைக்கு மேலே கை காட்டினார். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் வெள்ளைப் பலகை. அதில் தனுஷ்கோடியின் கொட்டை எழுத்தில், 'வலுப் பட்டியல் - நீண்ட காலத்துக்கு' என்று எழுதியிருந்தது. கீழே ஒன்று முதல் எட்டு வரை பெயர்கள். ஒன்று, உக்கிரபாண்டி.

தனுஷ்கோடிக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் அது உக்கிரபாண்டி இல்லை. அமெரிக்க டாலர்.

தனுஷ்கோடிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மனுஷரோடு பேசத் தேவையில்லாத ஒரு தொழில் செய்ய வேண்டும். திருச்சுழிப் பக்கத்து ஆட்கள் போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை என்றாலும் மோட்டார் விற்றவரிடம்தான் வந்து சண்டை போடுவார்கள். பேசிப் பேசி அவருக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சார் போன் வழியாக நடத்தும் வகுப்பு கண்ணில் பட்டது. பல நாட்டு நாணயங்களை வாங்கி விற்கும் தொழில். வாடிக்கையாளர் கிடையாது, பேரம் கிடையாது. மூன்று மாதம் காகிதத்தில் எழுதிப் பழகிவிட்டு, அப்புறம் கைக்காசைத் தொடலாம் என்று மனைவி சௌந்தரம் அனுமதி கொடுத்திருந்தாள். தெருவில் மூச்சு விடக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை.

சார் சொன்ன பாடம் இதுதான். ஒரு நாணயத்தைத் தனியாகப் பார்த்து அது வலுவா, நோஞ்சானா என்று சொல்ல முடியாது. மற்ற ஏழோடும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எத்தனையை ஜெயிக்கிறது என்று எண்ண வேண்டும். அப்படி எட்டையும் வரிசைப்படுத்தி, முதலில் நிற்பதை வாங்கி, கடைசியில் நிற்பதை விற்று ஜோடி சேர்க்க வேண்டும். இரண்டு வலுவானதை ஜோடி சேர்த்தால் இரண்டும் நகராமல் முறைத்துக்கொண்டு நிற்கும். சேர்த்த ஜோடியை மாதக்கணக்கில் கலைக்கக் கூடாது.

எல்லாம் புரிந்தது. பெயர்தான் நிற்கவில்லை. எட்டில் நான்கு டாலர். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நான்கும் குழம்பின. "தெரிஞ்ச மனுஷங்க பேரை வச்சுக்கோங்க, பட்டியலைக் கண்ணு படுற இடத்துல எழுதுங்க" என்றார் சார்.

தனுஷ்கோடி தெருவையே எழுதிவிட்டார். அதட்டினால் தெரு முழுக்கக் கேட்கும் உக்கிரபாண்டி அமெரிக்க டாலர். எந்தக் காற்றுக்கும் அசையாத உரக்கடை இருளப்பசாமி ஸ்விஸ் பிராங்க். ஒரே கூரையின் கீழ் ஐந்து அண்ணன் தம்பி குடும்பத்தோடு ஜவுளிக்கடை நடத்தும் தங்கபாண்டி யூரோ. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கும் இரும்புக்கடை தவசி ஜப்பான் யென், எட்டாம் இடம்.

இதை எப்படி உக்கிரபாண்டியிடம் சொல்வது?

"எறக்கணும், அம்புட்டுத்தானே?" என்று துணியை எடுத்தார். உக்கிரபாண்டியை அழித்து இரண்டாம் இடத்தில் எழுதினார். இரண்டில் இருந்த இருளப்பசாமி முதலிடத்துக்கு ஏறினார்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று சொல்லிவிட்டு உக்கிரபாண்டி எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு படியைத் துள்ளி இறங்கினார். தேய்ந்த மூட்டுக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது.

முதலிடம் வேண்டாம் என்று எந்த மனுஷனாவது சொல்வானா? தனுஷ்கோடி தலையைச் சொறிந்துகொண்டார்.

அரைமணி நேரத்தில் இருளப்பசாமி வந்தார். வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர். சட்டைப் பையிலிருந்து மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"இது சுகருக்கு. இது பிரஷருக்கு. இது என்னத்துக்குன்னு டாக்டருக்கே தெரியல."

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன விசயம்?"

"நீண்ட காலம்னு எழுதியிருக்கீகளே, எம்புட்டுக் காலம்?"

தனுஷ்கோடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பு விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? வாய் தானாகப் பதில் சொன்னது.

"கொறஞ்சது ஆறு மாசம். நல்லாப் போச்சுன்னா மூணு வருசம் கூட விடக் கூடாதுங்காக."

"மூணு வருசமா!" இருளப்பசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நேத்து நீங்க போன்ல பேசினதும் காதுல விழுந்துச்சு. உக்கிரபாண்டிய வாங்கிறலாம், தவசிய வித்துறலாம்னீக. ஆள வாங்குறது, விக்கிறதெல்லாம் நம்ம தெருவுக்கு ஆகாது அண்ணாச்சி. அசிங்கம்."

"அது வேற…"

"வேறயோ எதுவோ. எம் பேரை எடுங்க."

அவர் இவ்வளவு பேசியதே ஆபத்தாகத் தெரிந்தது. தனுஷ்கோடி அவசரமாக அழித்துவிட்டு, மூன்றில் இருந்த தங்கபாண்டியை மேலே ஏற்றினார்.

தங்கபாண்டி தனியாக வரவில்லை. தம்பிகளில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க வீட்டு லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? சாம்பாருக்குப் புளி கரைக்கணும்னாலும் அஞ்சு பேரும் கூடிப் பேசணும். ஒருத்தன் சரிம்பான், ஒருத்தன் வேண்டாம்பான். நான் சொந்தமா ஒரு முடிவு எடுத்து எத்தனை வருசமாச்சு! நானெல்லாம் எப்படி வலுவான ஆளு?"

தம்பிகள் இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

தனுஷ்கோடிக்கு உடம்பு சிலிர்த்தது. யூரோவைப் பற்றிச் சார் அச்சு அசலாக இதையேதான் சொல்லியிருந்தார். பல நாடு, ஒரு நாணயம், முடிவெடுக்கத் தாமதம். அப்படியென்றால் தெரு முழுக்க ரகசியமாக இதே வகுப்பில் சேர்ந்துவிட்டதா? தன் கணக்குத் தப்பு என்று சுற்றி வளைத்துச் சொல்கிறார்களா?

குரலைத் தாழ்த்திக் கேட்டுப் பார்த்தார்.

"ஏன் தங்கபாண்டி, வட்டி வீதத்தைப் பாத்துட்டுத்தான் சொல்றீகளா?"

தங்கபாண்டியின் முகம் வெளுத்தது. "வட்டியா? அப்ப கைக்காசு வேற போடணுமா?"

"மூணு மாசம் கழிச்சுப் போடத்தானே வேணும்?"

"ஏலே, வாங்கடா போவோம்" என்று தம்பிகளை இழுத்துக்கொண்டு தங்கபாண்டி படியிறங்கினார். வாசலில் நின்று, "சாயங்காலத்துக்குள்ள எம் பேரு அங்க இருக்கக் கூடாது" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பலகையைப் பார்க்கப் பார்க்கத் தனுஷ்கோடிக்குக் கண் இருட்டியது. மேலே இருப்பவர்கள் எல்லாரும் நோஞ்சான் என்கிறார்கள். ஒருவேளை நான்தான் பட்டியலைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனோ? அப்படியானால் எட்டாம் இடத்தில் இருக்கும் யென்தான் எல்லாரையும்விட வலுவோ? தவசியை அழித்து முதலிடத்தில் எழுதினார். தவசி தூங்குகிற ஆள். சண்டைக்கு வரமாட்டார்.

தவசி வரவில்லைதான். மத்தியானம் அவர் மனைவி காளீஸ்வரி வந்தாள்.

"அண்ணே, அவுக கடையைப் பூட்டிட்டுப் பந்தல்குடிக்குப் போயிட்டாக. லோடு லாரில ஏறி உக்காந்து போறதைக் கண்ணால பாத்தேன். தங்கச்சி வீட்டுல இருப்பாகளாம்."

"எப்பம்மா வருவாரு?"

"பலகையில பேரை அழிச்சாத்தான் வருவாகளாம். இல்லேன்னா அங்கயே கடை போட்டுருவாகளாம். நான் இங்க ஒத்தையில கெடந்து என்ன பண்ணுவேன்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு பட்டியலால் ஒரு குடும்பம் பிரிந்து நிற்கிறது. தனுஷ்கோடி உடனே சௌந்தரத்துக்குப் போன் போட்டார்.

"யாரைத் தூக்கி மேல வச்சாலும் அழுகுறாக சௌந்தரம். டாலருக்கு மூட்டுவலிங்குது. யென்னு ஊரை விட்டே ஓடிருச்சு. எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

"அடுத்தவுக பேரை எதுக்குங்க எழுதுறீக? எழுதியே ஆகணும்னா உங்க பேரை எழுதித் தொலைங்க. அதுக்கு யாரு சண்டைக்கு வரப் போறாக?"

இவ்வளவு எளிதான வழி ஏன் தோன்றவில்லை? பலகையில் தலைப்பை மட்டும் விட்டுவிட்டுப் பெயர்கள் முழுவதையும் துடைத்தார். முதலிடத்தில் அமெரிக்க டாலருக்குப் பதிலாகக் கொட்டை எழுத்தில் 'தனுஷ்கோடி' என்று எழுதினார். மற்ற ஏழுக்கும் அடையாளத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வைத்தார். காளீஸ்வரி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடி ஓடினாள்.

பத்தே நிமிஷத்தில் உக்கிரபாண்டி வாங்கி அனுப்பிய பால்பன்னும் டீயும் வந்தன. இருளப்பசாமி ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, கட்டிப்பிடித்து, முதுகில் தட்டிவிட்டுப் போனார். தங்கபாண்டி குடும்பத்தில் ஐந்து பேருமே, எந்த விவாதமும் இல்லாமல், எதிர்க்கடை வாசலில் நின்று கும்பிட்டார்கள். நாலு மணிக்கு இரும்புக்கடை ஷட்டர் திறக்கும் சத்தம் கேட்டது.

தனுஷ்கோடி நாற்காலியில் சாய்ந்து டீயை உறிஞ்சினார். வெகுநாளைக்கப்புறம் தெரு அமைதியாக இருந்தது. யாரும் பேச வரவில்லை. இனி இந்த டாலருக்கு ஏற்ற ஜோடியை நிதானமாகத் தேடலாம் என்று நோட்டைத் திறந்தார்.

தெருமுனையில் சரவெடி வெடித்தது. மேளச் சத்தம் கடையை நோக்கி வந்தது. என்ன ஏது என்று அவர் எழுந்து நிற்பதற்குள், பூக்கட்டும் மூக்கம்மாள் ஆளுயர ரோஜா மாலையோடு படியேறி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"தலையைக் கொஞ்சம் குனிங்க தலைவரே! இந்தத் தெருச் சண்டையை எல்லாம் தீத்து வைக்கிற வியாபாரிக சங்கத் தலைவர் பதவிக்கு ஒரு வருசமா ஆளே கெடைக்காம எல்லாரும் ஓடி ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாக, நீங்க என்னடான்னா பலகையில போட்ட தலைவர் பட்டியல்ல உங்க பேரை நீங்களே மொத ஆளா எழுதிட்டீகளாமே!"